திருகைப் பாலத்து அம்மன் சைவம்

சிவனணைந்தபெருமாள் பிள்ளை தம் ஆயுளில் உருப்படியாக உண்டாக்கியது ஒரே ஒரு சாமியைத்தான். அதையும் சைவமாக உண்டாக்கித் தொலைத்தார். கொஞ்சம் யோசித்து, கறி மீன் சாப்பிடுகிற சாமியாக உண்டாக்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. அவரும் ஊரில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருப்பார்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துப் பக்கம் நடந்து போகிறவர்களுக்குச் சிற்றாற்றின் மேல் ஒரு குறுக்குவழி உண்டு. குறுக்குவழியில் ஓர் இரும்புப் பாலம். பாலத்தின் தென்காசிக் கரையில் வேல்சாமியின் டீக்கடை, அதை ஒட்டிப் பெருமாள் பிள்ளையின் எண்ணெய்க் கடை. ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் வெளியூர்க் கூட்டம் இந்த வழியாகத்தான் அருவிக்குப் போகும். போகிற போக்கில் அவரிடம் நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளும். "அருவி குற்றாலநாதருக்குச் சொந்தம். அதுல நிக்கிறவன் உடம்பு வழுக்குதே, அது எனக்குச் சொந்தம்" என்பார் பிள்ளை. இந்த மாதிரி பத்துப் பேச்சு கைவசம் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒன்று புதிதாகச் சேரும்.

பாலம் சாதாரணப் பாலம் இல்லை. மலையில் வெட்டிய மூங்கிலைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்ட காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. ஆற்று நடுவில் ஒரு கல்தூண், தூணின் மேல் தடித்த இரும்பு முளை, முளையின் மேல் மொத்தப் பாலமும். தெப்பம் வரும்போது நாலு ஆள் கம்பைக் கொடுத்துத் தள்ளினால், மாவு திரிக்கிற திருகை மாதிரி பாலம் சுழன்று ஆற்றின் போக்கிலேயே நீளவாக்கில் நின்றுகொள்ளும். தெப்பம் போன பிறகு திருப்பித் தள்ளினால் கரையோடு வந்து சேரும். அதனால் திருகைப் பாலம். அப்புறம் லாரி வந்தது, தெப்பம் நின்றது, முளை துருவேறி இறுகிப்போனது. சின்னப் பிள்ளையில் பாலம் திரும்பியதைத் தாம் பார்த்ததாகப் பிள்ளை சொல்வார். அவர் சொல்கிற பல சங்கதிகளில் அதுவும் ஒன்று.

தினமும் காலையில் அந்தப் பாலத்தில் முதலில் ஏறுகிறவள் சுகிர்தம். தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வருகிற கருவாட்டை ஸ்டேஷனில் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, அக்கரை ஊர்களில் அடுப்பு பற்றவைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். புருஷன் ஏசுதாசனுக்கு இளைப்பு. நாலு எட்டு வைத்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். வீடு நடப்பது அந்தக் கூடையில்தான்.

பிள்ளை சுத்த சைவம். கூடை தெருமுனையில் திரும்பும்போதே துண்டை மூக்கில் வைத்துக்கொள்வார்.

"சுகிர்தம், உன் கூடை பக்கத்துல வந்தாலே என் நல்லெண்ணெய் மீனெண்ணெயாப் போகுது."

"அப்ப விலையைக் கூட்டிப் போடுங்க அண்ணாச்சி. டாக்டருமாரு சீட்டுல எழுதிக் கொடுப்பாங்க."

அவர் சொன்னதற்குச் சிரிக்க ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். திருப்பிக் கொடுக்க அவள் ஒருத்திதான். ஒரு நாள் அவள் வரவில்லை என்றால் அன்றைக்கு அவர் பேச்சில் உப்பு கம்மியாக இருக்கும்.

செங்கோட்டைத் தாலுகா மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கீழே வண்டிப்பாதையில் சிமெண்டுப் பாலம் கட்டித் திறந்தார்கள். புதுப் பாலம் வந்த பிறகு பழைய இரும்பு எதற்கு, கழற்றி ஏலம் விடு என்று மேலேயிருந்து உத்தரவு. சிமெண்டுப் பாலம் பஸ்ஸுக்குச் சரி. நடக்கிறவர்களுக்கு ஊரையே சுற்றுகிற வழி.

பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தார். பாலம் போனால் கடைக்கு வருகிற கால் போச்சு. ஆனால் 'என் கடைக்காகப் பாலம் வேண்டும்' என்று யார் வெளியே சொல்வார்கள். 'நம் பாட்டன் பூட்டன் நடந்த பாலம்' என்று ஆரம்பித்தார். திருகைப் பாலப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று முளைத்தது. பிள்ளை காரியதரிசி. வேல்சாமி பொக்கிஷதார், பொக்கிஷம் மட்டும் இல்லை. கூட்டத்தில் பிள்ளை பேசியதைக் கேட்டுச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேசி முடித்தபோது பிள்ளைக்கே பூட்டன்மேல் பாசம் வந்துவிட்டது. அவர் பூட்டன் சுரண்டைக்காரர், இந்த ஆற்றைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

கமிட்டி அதிகாரியைப் போய்ப் பார்த்தது. நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார்.

"ஐயா, இது சரித்திர முக்கியமான பாலம்" என்றார் பிள்ளை.

"இருக்கட்டும்வே. திரும்புதா?"

"முன்னால திரும்பிச்சு."

"இப்ப திரும்பினா, பழைய பொறி, அபூர்வம், அப்படியே வைக்கணும்னு நான் ரெண்டு வரி எழுதலாம். திரும்பாத இரும்புக்கு என்னத்த எழுத? கோயில் கீயில் இருந்தாலும் ஒதுங்கிப் போயிருவோம். அதுவும் இல்ல."

இந்தப் பேச்சில் இரண்டு வழி இருந்தது. வெளியே வரும்போது பிள்ளையின் மண்டையில் இரண்டாவது மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் வழி நேரானது, அவர் தொழிலுக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் அவர் கண்ணில் படவில்லை போலும்.

பங்குனி மாதம் ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தபோது, ஏலம் எடுத்த பழைய இரும்பு வியாபாரி கிதிர் முகம்மது ஆட்களோடு வந்தார். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்கள். பாலத்தைக் கரையோடு பிடித்து வைத்திருந்த இரும்பு ஆப்புகளை இரண்டு முனையிலும் அடித்துக் கழற்றினார்கள். ஆப்புகள் ஆற்றுக்குள் விழுந்தன. அடுத்து நடுப்பாலத்துக்குப் போனார்கள். அங்கே பலகைகளுக்கு நடுவில் முளையின் தலை, கவிழ்த்துப் போட்ட உரல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். சம்மட்டியை ஓங்கினான் ஒருவன்.

பிள்ளை கடையிலிருந்து இறங்கி ஓடினார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"ஏலே, கையை எடு. அங்கன அம்மன் இருக்கா."

சம்மட்டி நின்றது. "என்ன அம்மன்?"

"திருகையம்மன்."

வெளியூர்க்காரன் வெளியூர் அம்மனிடம் எப்போதும் மரியாதையாகத்தான் இருப்பான். அவன் சம்மட்டியைப் பைய இறக்கி வைத்தான். "நம்ம பக்கத்து இசக்கி மாதிரியா சாமி? கெடா கொடுப்பாங்களா?"

பிள்ளையின் கண்முன்னால் ஒரு காட்சி வந்தது. கடை வாசலில் கிடா வெட்டி, ரத்தம் எண்ணெய்ப் பீப்பாயடிக்கு ஓடி வருகிற காட்சி. துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"கெடாவா? சீ. இவ சைவம். உயிர்ப்பலி, கவுச்சி ஒண்ணும் ஆகாது. எண்ணெய் ஊத்துனாப் போதும்."

இதில் முதல் பொய் பாலத்துக்காகச் சொன்னது. அதை எந்தக் கோர்ட்டிலும் மன்னித்துவிடுவார்கள். இரண்டாவது பொய் அவர் மூக்குக்காகவும் கடைக்காகவும் சொன்னது.

ஆட்கள் கரையேறினார்கள். கிதிர் முகம்மது மட்டும் போகவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"ஏலம் எடுக்குத அன்னைக்கு இந்தப் பாலத்துல மேலயும் கீழயும் நடந்து பாத்தேன். அம்மன் அப்ப எங்கன போயிருந்தா அண்ணாச்சி?"

"வெளியூர் போயிருந்திருப்பா பாய்."

"நம்ம ரெண்டு பேரும் யாவாரி. உங்க முகத்தைப் பாத்தாலே எனக்குச் சரக்கு தெரியுது." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அடுத்தவுக சாமியோட எனக்கு எதுக்கு வம்பு. நான் துட்டைத் திருப்பிக் கேட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு, சாமிய வரவழைக்கது லேசு. அப்புறம் வச்சுக் காப்பாத்தணும்."

அதற்குள் வேல்சாமி ஓடிவந்து முளைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டான். மறுநாள் யாரோ ஒரு செம்புப் பொட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை பாவாடை. பக்கத்துத் தெரு ஆவுடைத்தாயின் மகளுக்கு நாள்கணக்காக இறங்காத காய்ச்சல், எண்ணெய் ஊற்றி வேண்டிக்கொண்ட மறுநாள் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். சனம் கிண்ணத்தோடு வர ஆரம்பித்தது. எண்ணெய் எங்கே வாங்குவார்கள்? பாலத்து முனையிலேயே கடை. திருகையம்மன் தினமும் தலையோடு முளையாக எண்ணெயில் குளித்தாள். மேலே ஊற்றியது அடியில் இறங்கி, தூணின் இடுக்கெல்லாம் ஊறி, கல்லே கருகருவென்று மின்னியது.

பாலத்தில் வழிபாடு நடக்கிறது, இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்று உத்தரவு வந்தது. கமிட்டி பிள்ளைக்கு மாலை போட்டது. மாலையோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி குழல்வாய்மொழி ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்காவது மெய்யைச் சொல்லுங்க. அப்படி ஒரு அம்மன் உண்டா?"

"இப்ப உண்டு" என்றார் பிள்ளை. சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

டீக்கடை வேல்சாமி பூசாரி ஆனான். யாரும் ஆக்கவில்லை, மெல்ல மெல்ல ஆனான். முதலில் காது ஓரம் ஒரு செம்பருத்தி. பிறகு வேட்டி மஞ்சளானது. டீ ஆற்றுகிற கையாலேயே திருநீறும் கொடுத்தான். ஏமாற்று இல்லை, முழு மனசோடு நம்பினான். அதுதான் பிள்ளைக்குச் சங்கடம். கள்ளப் பூசாரியாக இருந்தால் கண் ஜாடையில் பேசிக்கொள்ளலாம்.

பாலத்தில் செருப்போடு ஏறக் கூடாது என்றான். சரி என்றார்கள். வெற்றிலை துப்பக் கூடாது என்றான். அதுவும் சரிதான், பாலம் சுத்தமாக இருந்தது.

ஆனியில் சாரல் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை, சுகிர்தம் கூடையோடு பாலத்தில் கால் வைக்கப் போனாள். வேல்சாமி கையை நீட்டி மறித்தான்.

"கூடையில என்ன?"

"தெரியாத மாதிரி கேக்கீயளே. நெத்திலியும் சாளையும்."

"இனிமே இந்தப் பக்கம் கொண்டு வராத சுகிர்தம். அம்மனுக்குக் கவுச்சி ஆகாது."

"நான் உங்க அம்மனுக்கா விக்கப் போறேன்? அக்கரைக்குல்லா போறேன்."

"அம்மன் தலைக்கு மேலதானே தூக்கிட்டுப் போற. சுத்திப் போ. சிமெண்டுப் பாலம் இருக்குல்ல."

"சாரல்ல அம்புட்டுத் தூரம் சுத்தினா கருவாடு நமுத்துப் போவும். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அக்கரை வீடுகள்ல உலையிறக்கிருவாங்க." கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எண்ணெய்க் கடைப் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்கதானே அம்மனை முதல்ல சொன்னது."

கடையில் மதுரைக்காரர் ஒருவருக்குப் பிள்ளை போத்தலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் குரல் கேட்டது. நன்றாகவே கேட்டது. வேல்சாமி பார்த்தான், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற பெண்கள் பார்த்தார்கள். 'இல்லை' என்று சொன்னால் மாலை, கமிட்டி, வியாபாரம், பாலம் எல்லாம் ஒரே நூலில் உருவிக்கொண்டு போகும். கைவசம் இருந்த பத்துப் பேச்சில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. குனிந்து போத்தலையே பார்த்துக்கொண்டு ஊற்றினார்.

"ஐயா, வழியுது" என்றார் மதுரைக்காரர்.

எண்ணெய் போத்தல் கழுத்தைத் தாண்டி, விரல் வழியாக ஒழுகி, வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது சுகிர்தம் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள். கூடைமேல் சாக்கைப் போர்த்தியிருந்தாள். முதுகில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் தினமும் அவள் தெருமுனையிலேயே சிமெண்டுப் பாலத்துப் பாதைக்குத் திரும்பிவிடுவாள். வாடைகூட இந்தப் பக்கம் வராது. அத்தனை வருஷம் துண்டை மூக்கில் வைத்தவருக்கு இப்போது சுத்தமான காற்று சப்பென்று இருந்தது. எண்ணெய் வாங்க வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, பேச்சையே காணோம்?" என்றார்கள். ஒரு கிண்ணம் எண்ணெய் விற்கும்போதெல்லாம் ஒரு கூடை கண்முன்னால் திரும்பிப் போயிற்று.

சுகிர்தம் அக்கரையில் பாதி வீடுகளை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டார். நமுத்த கருவாட்டை யாரும் தொடவில்லையாம். காசில்லாமல் ஏசுதாசன் மருந்தை நிறுத்திவிட்டானாம். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்க செஞ்ச சாமிதானே" என்றாள் குழல்வாய்மொழி. "உங்க பேச்சையாவது கேக்கும்ல?"

கேட்குமா என்று பார்க்க, மறுநாளே டீக்கடைக்குப் போனார். முதலில் கௌரவமாக இறங்கப் பார்த்தார்.

"வேலு, கருவாட்டை விட்டுரலாம்னு தோணுது. அம்மன் ஒண்ணும் நினைக்க மாட்டா."

"சைவம்னு நீங்கதானே சொன்னீய."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"அம்மன் விஷயத்துல தப்பாச் சொல்லுத ஆளா நீங்க?"

வேறு வழியில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏ, கேளுங்கப்பா. அம்மனே கெடையாது. பாலத்தை உடைக்க வந்தானேன்னு நான் பொய் சொன்னேன். வாயில வந்ததைச் சொன்னேன். அது வெறும் இரும்பு."

வேல்சாமி கிளாஸைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் கையைக் கூப்பினான்.

"அண்ணாச்சிக்கு என்னமோ சோதனை. முகமே சரியில்ல, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

ஆவுடைத்தாய் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவள்தான் கோபப்பட்டாள். "பொய்யா? அப்ப எம் மவளுக்குக் காய்ச்சல் எறங்குனது பொய்யா? அண்ணாச்சி, விளையாட்டுப் பேச்சுக்கு ஒரு அளவு இருக்கு."

பெஞ்சில் ஒருவர், "அவரு எப்பவும் கேலிதான" என்று சமாதானம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நாற்பத்தைந்து வயது வரை அவர் சொன்ன பொய்யையெல்லாம் ரசித்த சனம், அவர் சொன்ன ஒரே நிஜத்தை வேடிக்கையாக எடுத்துக்கொண்டது. குறை சொல்ல ஆள் இல்லை. பழக்கிவிட்டது அவர்தான்.

மறுநாள் கடையைத் திறக்காமல் குடையை எடுத்துக்கொண்டு சிமெண்டுப் பாலத்தில் போய் நின்றார். சுகிர்தம் நனைந்துகொண்டு வந்தாள். அவரைப் பார்த்ததும் நிற்கவில்லை. குடையைக் கூடைமேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"சுகிர்தம், அம்மன்னு சொன்னது பொய்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்களை எத்தனை வருஷமாப் பாக்கேன். அன்னைக்குச் சாயந்திரமே எங்க வீட்டு அவுககிட்ட சொல்லிச் சிரிச்சேன், எண்ணெய்க் கடைக்காரரு எண்ணெய் குடிக்கிற சாமியைக் கண்டுபிடிச்சுட்டாருன்னு." கொஞ்ச தூரம் நடந்தாள். "பாலம் நின்னுச்சே, அதுக்கு எனக்கும் சந்தோசந்தான்."

"நான் போய் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பல."

"நீங்க பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல அண்ணாச்சி. நான் உங்க பேரைச் சொல்லிக் கேட்டேன். நீங்க குனிஞ்சுக்கிட்டீய." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "குடையைத் தூக்கிப் புடிங்க. கண்ணுக்கு முன்னால கம்பி வருது."

குடையைத் தூக்கிப் பிடித்தார்.

ஆடி பிறந்திருந்தது. அருவியில் தண்ணீர் கொட்டி, சிற்றாறு செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் சுகிர்தம் ஸ்டேஷனிலிருந்து வருகிற நேரம் பார்த்துப் பிள்ளை தெருமுனையில் போய் நின்றார். துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்திருந்தார்.

"கூடையைக் குடு."

"கோட்டியா புடிச்சிருக்கு உங்களுக்கு? நீங்க தொட மாட்டீயளே."

"குடுன்னா குடு."

அவள் யோசித்தாள். பிறகு இறக்கி அவர் தலையில் வைத்தாள். கழுத்து தோளுக்குள் இறங்கியது. வாடை மேலேயிருந்து போர்வை மாதிரி விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது வாடைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சைவப் பிள்ளை தலையில் கருவாட்டுக் கூடை வருகிறது என்று தெரு முழுக்கத் தெரிய நேரமாகவில்லை. அவர் பாலத்தை அடைவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேல்சாமி டீ வடிகட்டியோடு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, என்ன இது. வேண்டாம்."

"தள்ளு வேலு."

அவரைத் தொட்டு மறிக்க வேல்சாமிக்குத் துணிவு வரவில்லை. அம்மனைக் கண்டவர் அல்லவா. சுகிர்தத்தை மட்டும் கரையில் நிறுத்தினான். பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் பாலத்தில் ஏறினார். மேல்காற்று விசிறி அடித்தது. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் கூடையையும் பிடித்துக்கொண்டு நடுப்பாலத்துக்குப் போனார். முளைக்குப் பக்கத்தில் பலகையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வழுக்காமல் அதைச் சுற்றித் தாண்டி, அக்கரைப் பக்கம் காலை வைத்தார்.

காலுக்கடியில் என்னவோ நெகிழ்ந்தது.

முதலில் தலை சுற்றுகிறது என்று நினைத்தார். பிறகு பார்த்தால் அக்கரையில் நின்ற புளியமரம் பைய இடதுபக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆப்பு இரண்டும் பங்குனியிலேயே ஆற்றில் விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் எண்ணெய் குடித்த முளையில் துரு விட்டுப்போயிருந்தது. காற்று ஒரு தள்ளுத் தள்ள, அத்தனை வருஷம் அசையாத பாலம் பிள்ளையையும் நெத்திலியையும் சுமந்துகொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. கிரீச்சென்று ஒரு சத்தம் இல்லை. அவர் கடை எண்ணெய் அவ்வளவு சுத்தம்.

பாதி திரும்பி, ஆற்றுக்குக் கோணலாக நின்றது. இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை. கீழே வெள்ளம்.

"கூடையை விட்டுராதீங்க அண்ணாச்சி" என்று சுகிர்தம் கத்தினாள். அதற்கப்புறம்தான், "கம்பியைப் புடிச்சிட்டு உக்காருங்க" என்றாள்.

பிள்ளை உட்கார்ந்தார். அம்மனின் பாவாடை காற்றில் பறந்து அவர் முழங்காலில் பட்டது. அப்போதுதான் அதிகாரி சொன்ன முதல் வழி ஞாபகம் வந்தது. திரும்பினால் ரெண்டு வரி எழுதுகிறேன் என்றாரே. இந்தப் பாலத்துக்குத் தேவைப்பட்டது ஒரு பீப்பாய் எண்ணெய். ஊரில் எண்ணெய்க்கடை வைத்திருந்தவருக்கு அது தோன்றவில்லை. அம்மன் தோன்றினாள். ஒரு பொய்யும் சொல்லாமல், யாரையும் மறிக்காமல், கடையிலிருந்து நாலு குடம் கொண்டுவந்து ஊற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். கூடைக்கு அடியில் அவர் காது சுட்டது.

கரையில் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாதிப்பேர் அம்மனுக்குக் கோபம் என்றார்கள். பாதிப்பேர் அம்மன் மனமிரங்கித் திரும்பிப் பார்த்தாள் என்றார்கள். வேல்சாமி கையை வாயில் குவித்துக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, அம்மன் என்ன சொல்லுதா?"

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். இன்னும் ஒரே ஒரு பொய் போதும். 'கருவாடு போகலாம்னு சொல்லுதா.' அவ்வளவுதான். சுகிர்தம் நாளைக்கே அவள் பாட்டுக்கு நடந்து போவாள். நாக்கு நுனியில் வந்து நின்றது. எவ்வளவு வாகாக வந்தது என்று பார்த்தபோதுதான் அவருக்குத் தம்மேலேயே பயம் வந்தது. அடுத்த வாரம் வேறொன்று கேட்பார்கள். அதற்கும் வாய் முந்திக்கொள்ளும்.

சுகிர்தம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவர் குனியவில்லை.

"அம்மன் ஒண்ணும் சொல்லல வேலு. நான் சொல்லுதேன். அந்தப் பொம்பளைய மறிச்சது தப்பு. அது என் தப்பு. கூடை போகணும்."

இவ்வளவுதான் சொன்னார். கேலி கலக்காமல் அவர் பேசி ஊர் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் எடுபட்டது என்று நினைக்க அவருக்கும் ஆசைதான்.

கயிறு வீசி, நாலு பேர் வெள்ளத்தில் இறங்கி இழுத்து, பாலத்தைக் கரையோடு சேர்த்தார்கள். சேதி கேட்டு அதிகாரி தாமே வந்தார். தம் கையாலேயே கம்பைப் பிடித்து ஒரு தடவை திருப்பிப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். "இதைத்தானவே நான் அன்னைக்கே கேட்டேன்?" என்றார். புது ஆப்பு அடித்து, அபூர்வமான பழைய பொறி, பழுதில்லாமல் இயங்குகிறது, பாதுகாக்க வேண்டியது என்று எழுதிக்கொண்டு போனார். பாலம் பிழைத்தது. பிள்ளைக்கு இன்னொரு மாலை வந்தது. வாங்கி அம்மன் கழுத்தில் போட்டுவிட்டார்.

கூடை விஷயத்தில் வேல்சாமி ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்.

"அண்ணாச்சி தலையில வந்தப்ப அம்மன் திரும்பிப் பாத்தா. ஆனா ஒரு நெத்திலிகூடத் தண்ணியில விழல. அதனால அண்ணாச்சி சுமந்தா ஆகும். மத்தவுக சுமந்தா ஆகாது."

"ஏலே, நான் சொன்னது அது இல்ல" என்றார் பிள்ளை. "அவ தலையிலயே போகணும்னு சொன்னேன்."

"அது உங்க பெருந்தன்மை அண்ணாச்சி" என்றான் வேல்சாமி.

எவ்வளவோ பேசிப் பார்த்தார். இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அது நடக்கிறவரை கூடை காத்திருக்க முடியாது. தினமும் காலை ரயில் வந்ததும் சைவப் பிள்ளை ஒருவர் கருவாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு திருகைப் பாலத்தைக் கடப்பதும், பின்னால் ஒரு பெண் வெறுங்கையோடு நடந்து வருவதும், குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் நின்று பார்க்கிற காட்சியாகிவிட்டது. வீட்டில் குழல்வாய்மொழி கிணற்றடியில் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். குளிக்காமல் உள்ளே விட மாட்டாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பந்தியில் ஓரமாக இடம் போட்டார்கள்.

முதல் நாள் அக்கரையில் கூடையை இறக்கும்போது சுகிர்தம் சொன்னாள். "என் தலையில போறதுதான் அண்ணாச்சி நியாயம்."

"தெரியும்."

"தெரிஞ்சாச் சரி."

அதற்குப் பிறகும் பல நாள் அவள் பேசாமலே பின்னால் வந்தாள். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் நடுப்பாலத்தில் முளையைச் சுற்றித் தாண்டும்போது கால் லேசாக வழுக்கியது. கூடை ஆடியது.

"பைய நடங்க" என்றாள் பின்னாலிருந்து. "நெத்திலி ஒடிஞ்சா தூள் விலைக்குத்தான் போகும். உங்க எண்ணெயோட கலந்து நீங்களே வித்துக்கிட வேண்டியதுதான்."

திருப்பிச் சொல்ல அவருக்கு ஒன்று தோன்றியது. நல்ல பதில்தான். ஆனாலும் சொல்லவில்லை. கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நடந்தார்.